"ஐயையோ!" என்று அலறும் கம்ப்யூட்டர்!

கம்ப்யூட்டர் அலறுமா?

அலறும்! "லினக்ஸ்" அமைப்பில் ஓடும் கம்ப்யூட்டரின் உள்ளே கோளாறு ஏற்பட்டால், "ஊப்ஸ்" என்று ஒரு செய்தி வரும். கால் இடறினால் வெள்ளைக்காரர் சொல்லும் சொல் அது. நம் ஊர் "ஐயையோ"தான்!

லினக்ஸைத் தொடங்கியவர் லைனஸ் டோர்வால்ட்ஸ். பின்லாந்து நாட்டவர். 1991-ம் ஆண்டு, ஹெல்சிங்கியில் மாணவராக இருந்தபோது அதை எழுதினார். அப்போது அவருக்கு வயது 21.

லினக்ஸின் உயிர்நாடி "கர்னல்". எந்த வேலை முதலில், எது பிறகு என்று தீர்மானிப்பது அதுதான். அதற்குள் ஆயிரக்கணக்கான சிறு பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஆனால் பெயர் மனிதனுக்குத்தான். கம்ப்யூட்டருக்கு விலாசம் போதும். விலாசம் என்றால் வெறும் எண்!

பட்டியல்

கர்னலைத் தயாரிக்கும்போதே ஒரு பட்டியலும் தயாராகும். "சிஸ்டம் மேப்" என்று அதற்குப் பெயர். ஒரு பக்கம் விலாசம்; மறு பக்கம் பெயர். முன்பெல்லாம் "ஊப்ஸ்" செய்தியில் எண்கள்தான் இருக்கும். பட்டியலைப் பார்த்துத்தான், கோளாறு இன்ன பகுதியில் என்று கண்டுபிடிப்பார்கள்.

இங்கேதான் ஆபத்து!

கர்னலில் சிறு மாறுதல் செய்து மறுபடி தயாரித்தாலும் விலாசங்கள் நகர்ந்துவிடும். தெரு நடுவே புது வீடு கட்டி, கதவு எண்களை மாற்றிப் போட்டது போல! பழைய பட்டியலோடு போகிறவர் வேறு வீட்டுக் கதவைத் தட்டுவார். குற்றமற்ற பகுதியின் பெயர் வரும். அதை நாள் கணக்கில் துருவுவார்கள். உண்மைக் கோளாறோ உள்ளேயே உட்கார்ந்திருக்கும். வங்கிக் கணக்குகளை வைத்திருக்கும் கம்ப்யூட்டராக இருந்தால் என்ன ஆகும்? இதைவிடப் பட்டியலே இல்லாமல் இருப்பது மேல்.

எது ஓடுகிறது?

"யூநேம்" என்று ஒரு கட்டளை உண்டு. இப்போது ஓடுகிற கர்னல் எது என்று அது சொல்லும். புது கர்னலைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, கம்ப்யூட்டரை நிறுத்தி ஓட்ட மறந்துவிடுவோர் உண்டு. வட்டில் இருப்பது புதிது; ஓடுவது பழசு! பதிப்பு எண் ஒன்றாக இருந்தாலும் போதாது. அதே எண்ணில் மறுபடி தயாரித்திருக்கலாம் அல்லவா?

2003 டிசம்பரில் 2.6-ம் பதிப்பு வந்தது. பெயர்ப் பட்டியலைக் கர்னலே சுமக்கும் வசதி அதில் இருந்தது. தன் பட்டியல் தன்னோடு இருந்தால், பொருந்தவில்லை என்ற பேச்சுக்கு இடம் ஏது?

2014-ல் இன்னொரு ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு முறை முடுக்கும்போதும் கர்னல் நினைவகத்தில் வேறு இடத்தில் போய் உட்காரும்! விலாசம் தெரிந்தால் திருடனுக்கு வசதி என்பதே காரணம். இந்த ஏற்பாடு உள்ள கம்ப்யூட்டரில், சரியான சிஸ்டம் மேப் கையில் இருந்தாலும், கர்னல் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று கணக்குப் பார்த்த பிறகே பெயரைத் தேட வேண்டும்.