இரண்டு தனிமைகள்

தேத்தண்ணி ஆறமுதல் சொல்லிவிடுகிறேன், அக்கா. புருஷனைப் பறிகொடுத்த உங்கள் தங்கை, வெள்ளவத்தை வீட்டில் எந்நேரமும் ஆட்கள் இருந்தும் தனியாய் இருப்பதுபோல் இருக்கிறது என்கிறா. அது உங்களுக்கு விளங்கவில்லை. எனக்கென்றால் அவ சொல்வது முழு உண்மை.

ரொபர்ட் வைஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட நூலில் தனிமையை இரண்டாகப் பிரித்தார். கூடிக் கதைக்க ஆளில்லாத தனிமை ஒன்று. நமக்கென்றே இருந்த ஒருவர் இல்லாமல்போன தனிமை மற்றது. எட்டுச்செலவு, அந்தியேட்டி என்று எங்கள் சனம் கூடுவது முதலாவதற்கு அருமையான மருந்து. முப்பத்தோராம் நாள் முடிந்து, சட்டிபானை கழுவிக் கவிழ்த்து, எல்லாரும் போன பிறகும் அவவிடம் மிஞ்சியிருப்பது இரண்டாவது. அதற்கு நீங்கள் எத்தனை பேரைக் கூட்டிவந்தாலும் ஆகாது.

இந்த இரண்டாவது தனிமைக்கு ஒரு சாட்சி சோனாலி தெரணியகல, கொழும்பில் வளர்ந்த பொருளியலாளர். 2004 டிசம்பர் 26 காலை யால கடற்கரை விடுதியில் குடும்பத்தோடு இருந்தார். கணவர் ஸ்டீவ், மகன்கள் விக்ரம், மல்லி, அம்மா, அப்பா எல்லாரையும் சுனாமி கொண்டுபோனது. அவர் மட்டும் ஒரு மரக்கிளையைப் பிடித்துத் தப்பினார். பிறகு கொழும்பில் உறவினர் வீட்டில் மாதக்கணக்கில் கிடந்தார். தன்னை ஏதும் செய்துவிடுவாரோ என்று உறவுகள் காவலிருந்தார்கள். உயிரைக் காத்தது அவர்கள்தான், அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் கொழும்பில் எங்கே திரும்பினாலும் பிள்ளைகளின் நினைவு. பெற்றோரின் வீட்டுக்கு வாடகைக்கு வந்த குடும்பத்தைப் பொறுக்க முடியாமல் இரவில் போய்க் கேற்றில் அடித்ததை அவரே எழுதியிருக்கிறார். துக்கம் நல்ல மனிசரையும் அப்படி ஆக்கும். தங்கை எரிந்து விழுந்தால் மனதில் வைக்காதீர்கள்.

பிறகு சோனாலி நியூயோர்க்குக்குப் போனார். பெரிய நகரம் தருகிற முதல் ஆறுதல், ‘பாவம்’ என்று பார்க்கிற கண்கள் அங்கே இல்லாததுதான். புதிதாய்ச் சந்தித்தவர்கள் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லாமல் சமாளித்தார். கொஞ்சக் காலத்துக்கு அது மூச்சுவிட இடம். நீண்டுகொண்டே போனால் பெற்ற பிள்ளைகளின் பெயரையே வாய்விட்டுச் சொல்ல முடியாத வாழ்க்கை. அங்கே மார்க் எப்ஸ்டீன் என்ற மனநல மருத்துவரிடம் கதைத்தார், எழுதினார். பிள்ளைகள் சொன்னதையும் விளையாடியதையும் ஒவ்வொன்றாய் மீட்டெடுத்தார். 2013இல் ‘வேவ்’ என்ற நூலாக அது வந்தது.

அதைப் படித்த ஐரிஷ் நடிகை பியோனா ஷோ, ஹரி பொட்டரின் பெரியம்மாவாக நடித்தவர், எழுதியவரைச் சந்திக்க ஆசைப்பட்டு அறிமுகம் தேடினார். 2018இல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். ஸ்டீவையும் பிள்ளைகளையும் அறிந்துகொண்ட பிறகுதான் பியோனா சோனாலியிடம் வந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. எங்கள் நாட்டில் இந்தக் கலியாணத்துக்கு இடமில்லை. 1883இன் தண்டனைச் சட்டக்கோவையில் ஒருபாலுறவைக் குற்றமாக்கும் 365அ பிரிவு இன்னும் கிடக்கிறது, 1995இல் திருத்தி அதைப் பெண்கள்மேலும் பாய வைத்தார்கள். சொந்த ஊரில் கிடைத்திருக்க முடியாத ஆறுதல் அவருக்கு வெளியூரில் கிடைத்தது என்பது எனக்குப் பெரிய மனவருத்தம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். போன கிழமை சிரித்துப் படம் பார்த்த தங்கை இந்தக் கிழமை சாப்பிடாமல் படுத்திருக்கிறா என்று பயப்பட்டீர்கள். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் இதைத்தான் விளக்கினார்கள். இழப்பை நினைத்து அழுவதும், அதை விட்டு அன்றாட வேலைக்குத் திரும்புவதும் மாறிமாறித்தான் நடக்கும். அந்தப் போக்குவரத்தே ஆறுகிற வழி. சிரித்த நாளில் புருஷனை மறந்துவிட்டா என்று யாரும் சொல்ல விடாதீர்கள். சொந்தக்காரரிடம் சொல்லக் கூச்சமென்றால் சுமித்ரயோ இருக்கிறது. 1974இலிருந்து கொழும்பில் தொண்டர்கள் இருந்து, புத்திமதி சொல்லாமல் காதுகொடுத்துக் கேட்கிறார்கள்.

மறுமணப் பேச்சை இப்போது எடுக்காதீர்கள். அவவாகவே ஒருநாள் எடுத்தால் வாயை மூடவும் வைக்காதீர்கள். அடுத்தமுறை போகும்போது அவவின் புருஷனைப் பற்றி ஏதாவது கேளுங்கள்: என்ன கறி பிடிக்கும், எதற்குக் கோபம் வரும், முதன்முதலாய் எங்கே சந்தித்தார்கள். கதை நீண்டு ரயிலைத் தவறவிட்டால் பரவாயில்லை, நீங்கள் கல்கிசைக்குத் திரும்ப நூறாம் நம்பர் பஸ் இருக்கிறது.