துருவேறும் இரும்பும் துருவேறாப் பொன்னும்

நம் வீட்டு அடுக்களையிலுள்ள ஏனங்களைச் சற்று உற்று நோக்குங்கள். இரவு கழுவிய இரும்புத் தாச்சியைத் துடையாது விட்டால், காலையில் அதன் மேனியிற் செந்நிறத் துரு படர்ந்திருக்கும். பித்தளைச் செம்பு அவ்வளவு விரைவிற் கெடுவதில்லை. ஆயினும் புளியோ மோரோ அதில் நெடுநேரம் தங்கினாற் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். அலுமினியப் பானை ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கின்றது. அன்னையின் கழுத்திலுள்ள தாலிக்கொடியோ, மணநாள் தொட்டு வியர்வையிலும் கிணற்று நீரிலும் தோய்ந்தும் ஒரு மாசுமின்றி மின்னுகின்றது. காற்றும் நீரும் இவையனைத்துக்கும் பொதுவே. அங்ஙனமிருக்க, ஒன்று ஒரே இரவில் அழியத் தொடங்குவதும், மற்றொன்று தலைமுறை கடந்து நிற்பதும் எதனால்?

இரசாயனம் பயிலும் மாணவரைக் கேட்டால், பொற்றாசியம், சோடியம், கல்சியம், மகனீசியம், அலுமினியம், நாகம், இரும்பு, வெள்ளீயம், ஈயம், செம்பு, வெள்ளி, பொன் என்று வாய்பாடு போல ஒப்புவிப்பர். தாக்குதிறன் மிக்கது முதலிலும் குறைந்தது ஈற்றிலுமாக அமைந்த வரிசை இது. மேலுள்ள உலோகம் கீழுள்ளதை அதன் உப்பிலிருந்து வெளியேற்றிவிடும். நீலநிறச் செப்புச் சல்பேற்றுக் கரைசலில் ஒரு நாகத் துண்டை இட்டுப் பாருங்கள். சிறிது நேரத்தில் அதன்மீது செம்பு படியும். கரைசலின் நீலம் மெல்ல மெல்ல வெளிறும். நாகச் சல்பேற்றுக் கரைசலிற் செம்புத் துண்டை இட்டு ஓராண்டு காத்திருந்தாலும் ஒன்றும் நிகழாது.

இவ்வரிசையை மனனம் செய்தோர் பலர்; அதனை ஈற்றிலிருந்து படித்தால் மனித நாகரிகத்தின் கதையே தோன்றுமென்பதைக் கவனித்தோர் சிலர். பொன் எதனோடும் எளிதிற் சேராதாகையால், ஆற்று மணலில் தனிப் பொன்னாகவே மனிதன் கைக்கு அகப்பட்டது. செம்பைத் தாதுவிலிருந்து பிரிக்க அடுப்புக்கரியும் நல்ல சூளையும் போதியனவாயிருந்தன. இரும்பு ஒட்சிசனை இறுகப் பற்றி நிற்பது. அதைப் பிரித்தெடுக்கக் கடும் வெப்பம் வேண்டும். நம் நாட்டிற் பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளிற் சூளை அமைத்து, பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு நம் முன்னோர் இரும்புருக்கினர். 7 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரை இத்தொழில் அங்கே செழித்ததென்பதையும், அவ்வகைச் சூளையில் உயர்தர உருக்கு உண்டாகுமென்பதையும் 1996 இல் வெளியான ஆய்வொன்று உலகறியச் செய்தது. நம் பாடநூல்கள் இதற்கு ஒரு பக்கமேனும் ஒதுக்குதல் தகும்.

வரிசையின் தலைப்பக்கத்து உலோகங்களோ எந்தச் சூளைக்கும் பணியவில்லை. 1807 இல் இலண்டனில் ஹம்ப்ரி டேவி என்பார் உருகிய எரிபொற்றாசினூடே மின்னோட்டத்தைச் செலுத்தியபோதுதான் பொற்றாசியம் முதன்முதல் உலகைக் கண்டது. கண்டவுடன் தீப்பற்றி எரிந்தது. சில நாட்களிற் சோடியமும் அகப்பட்டது. அலுமினியம் 1825 இல் பிரித்தெடுக்கப்பட்டதாயினும், 1886 இல் ஹோல், எரூல் என்னும் இளைஞர் இருவர் தனித்தனியே மின்பகுப்பு முறையைக் கண்ட பின்னரே மலிவாகி நம் அடுக்களைக்கு வந்தது.

இனி, ஏன் என்னும் வினாவுக்கு வருவோம். புறவோட்டு இலத்திரன்களை எளிதில் இழக்கும் உலோகமே தாக்குதிறன் மிக்கது என்பது வழக்கமான விடை. சோடியத்தையும் பொற்றாசியத்தையும் ஒப்பிடுமிடத்து இது பொருந்தும். பொற்றாசிய அணு பெரியது. அதன் புறவிலத்திரன் கருவிலிருந்து தொலைவில் நிற்பதால் எளிதிற் கழன்றுவிடுகின்றது. ஆனால் நாகத்தையும் செம்பையும் எடுத்துக்கொண்டால் இவ்விடை தள்ளாடுகின்றது. தனித்து நிற்கும் ஒரு மூல் அணுக்களிலிருந்து முதல் இலத்திரனைப் பிரிக்கச் செம்புக்கு வேண்டுவது 745 கிலோயூல், நாகத்துக்கோ 906! இரண்டு இலத்திரன்களையும் பிரிக்க ஏறத்தாழ முறையே 2,700, 2,640 கிலோயூல் வேண்டும். வேறுபாடு அற்பமே. பின்னர் எங்ஙனம் நாகம் செம்பை வெல்கின்றது?

விடை அணுவில் மட்டுமன்று, அணுக்களின் கூட்டத்திலும் உள்ளது. உலோகம் கரைசலுக்குட் புக மூன்று படிகளைக் கடத்தல் வேண்டும். முதலில் அணு தன் சுற்றத்தை விட்டுப் பிரியவேண்டும். அடுத்து இலத்திரன்களை இழக்கவேண்டும். ஈற்றில் நீர் அவ்வயனைச் சூழ்ந்து ஏற்கவேண்டும். முன்னிரண்டும் செலவு, மூன்றாவது வரவு. சுற்றத்தை விட்டுப் பிரியச் செம்புக்கு 338 கிலோயூல் செலவாக, நாகத்துக்கு 130 போதும். 907 பாகையில் நாகம் கொதித்து ஆவியாகிவிடும். செம்போ 1,085 பாகையிலேதான் உருகவே தொடங்கும். நீரின் வரவேற்பிற் செம்பு சிறிது மிகுதியாகப் பெற்றாலும், முதற்படியின் இழப்பை அது ஈடுசெய்வதில்லை. ஆக, நாகத்தின் விரைவுக்குக் காரணம் இலத்திரன்மீது பற்றின்மை என்பதிலும், சுற்றத்தின்மீது பற்றின்மை என்பதே பொருந்தும். தேர்வுத்தாளில் ஒற்றை வரி போதும். உண்மைக்கு அது போதாது.

அலுமினியம் இன்னொரு விந்தை. வரிசைப்படி அது இரும்பிலும் விரைந்து அழியவேண்டும். அழியத் தொடங்கவும் செய்கின்றது. ஆயின் காற்றுப்பட்ட கணத்திலேயே அதன்மேற் படியும் ஒட்சைட்டு, மில்லிமீற்றரில் இலட்சத்திலொரு பங்கு தடிப்புமில்லாத போதிலும், இறுக ஒட்டிக்கொண்டு மேலுந் தாக்கம் நிகழாது தடுக்கின்றது. இரும்பின் துருவோ பொருக்காக உதிர்ந்து உள்ளிருப்பதை மீண்டும் காற்றுக்குக் காட்டிக் கொடுக்கின்றது. இரசம் பட்டால் அலுமினியத்தின் இக்கவசம் நிலைகுலைந்துவிடும். விமானங்களில் இரசத்தை ஏற்றுவதற்குக் கடுங்கட்டுப்பாடு விதித்திருப்பது இதனாலேயே.

இவ்வரிசையை அறியாமையால் நேர்ந்த நட்டத்தைக் கடல் நன்கறியும். மரக்கப்பல்களைத் துளைக்கும் புழுவுக்கு அஞ்சி, 1761 இல் பிரித்தானியக் கடற்படை 'அலாம்' என்னும் கப்பலின் அடிப்பாகத்தைச் செப்புத் தகட்டாற் போர்த்தது. செம்பு நன்றாகவே இருந்தது. செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பாணிகள் அரிக்கப்பட்டு ஒழிந்தன. கடல்நீரில் இரு உலோகங்கள் தொடுமிடத்து, வரிசையில் மேலுள்ளதே அழிவை ஏற்கும். 1824 இல் டேவி இதனையே மருந்தாக்கினார். செம்பும் கரைந்து தேய்வதைத் தடுக்க, ஆங்காங்கே இரும்பு அல்லது நாகத் துண்டுகளை வேண்டுமென்றே பொருத்தச் செய்தார். அவை அழிந்தன, செம்பு தேயாது நின்றது. ஆனால் கப்பலின் வேகம் குறைந்தது. சிப்பியும் பாசியும் அடியில் அடர்ந்து பற்றிக்கொண்டன! செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நஞ்சாக நின்றதே அதுகாறும் அவ்வுயிர்களை அணுகவிடாது காத்திருந்தது. டேவியின் முறையைக் கடற்படை கைவிட்டது.

உருக்குக் கப்பல்கள் தோன்றியபின் அம்முறை மீண்டும் உயிர்பெற்றது. துறைமுகத்திற் கரையேற்றிய கப்பலொன்றைக் காண நேர்ந்தால், அதன் சுக்கானுக்கும் விசிறிக்கும் அருகே அரித்துத் தேய்ந்த வெண்சாம்பல் நிறக் கட்டிகளைத் தேடிப் பாருங்கள். அவை பெரும்பாலும் நாகம். தேய்ந்து முடிந்ததும் கழற்றிப் புதியன பூட்டுவர்.