விரல் நுனிகளைப் பறித்த மெஷின்... 'ஹெவி மெட்டல்' ஒலியை உருவாக்கிய டோனி அயோமி யார்?

ஹெவி மெட்டல் என்றாலே காதுக்குள் இடி இறங்குற மாதிரி ஒரு கிதார் சத்தம் நினைவுக்கு வரும். அந்தக் கனமான ஒலிக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை விபத்து இருக்கிறது.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1948-ல் பிறந்தவர் டோனி அயோமி. 17 வயதில் உலோகத் தகடு தொழிற்சாலையில் வேலை. இசைதான் இனி வாழ்க்கை என்று முடிவெடுத்து வேலையை விட்டார். அன்றுதான் கடைசி நாள். வழக்கமாக மெஷின் ஓட்டுபவர் வராததால் அயோமியை நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் துண்டாகின.

வலது கைதானே என்று நினைக்க வேண்டாம். அயோமி இடது கைப் பழக்கம் உள்ளவர். கிதார் கம்பிகளை அழுத்த வேண்டியதே அந்த வலது கைதான்!

மனதை மாற்றிய ஒரு ரெக்கார்டு

மனம் உடைந்து கிடந்தவரைப் பார்க்க தொழிற்சாலை மேலாளர் வந்தார். கையில் ஜாங்கோ ரெயின்ஹார்ட் வாசித்த இசைத்தட்டு. தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கியும் ஜாஸ் கிதாரில் கொடிகட்டிப் பறந்தவர் அவர்.

அப்புறம் அயோமி சும்மா இருக்கவில்லை. பாத்திரம் கழுவும் திரவ பாட்டிலின் பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்தார். கம்பி வழுக்காமல் இருக்க, பழைய ஜாக்கெட்டின் தோலை வெட்டி ஒட்டினார். தடிமனான கம்பியை அழுத்த முடியவில்லை. மெல்லிய கிதார் கம்பி கடையில் கிடைக்காத காலம். பாஞ்சோ கம்பியை எடுத்து மாட்டினார்.

ஒலி எப்படி கனமானது?

கம்பியைத் தளர்த்தினால் அழுத்துவது சுலபம். கூடவே சுருதியும் இறங்கும். 1971-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் பல பாடல்களில் மூன்று அரைச்சுரம் இறக்கியே வாசித்தார். விரலுக்கு ஆறுதல், காதுக்கு இடி!

அதற்காக எல்லாமே விபத்து தந்த வரம் என்று சொல்லிவிட முடியாது. ஆஸி ஆஸ்போர்ன், கீசர் பட்லர், பில் வார்டுடன் அவர் அமைத்த 'பிளாக் சாபத்' குழுவின் முதல் ஆல்பம் 1970-லேயே வந்துவிட்டது. அதில் சுருதி வழக்கமானதுதான். மெதுவாக, அச்சுறுத்தும் மெட்டுகளை அமைத்தது அவருடைய கற்பனை.

2012-ல் நிணநீர் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சிகிச்சைக்கு நடுவே உருவான '13' ஆல்பம் அடுத்த ஆண்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 2025 ஜூலை 5-ல் பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் கடைசியாக ஒன்றுசேர்ந்தனர். 17 நாளில் ஆஸி காலமானார்.