போடிமெட்டு ஏறி இறங்க 120 மி.மீ. ஃபோர்க் போதுமா?

மவுன்டன் பைக் வாங்கிய நண்பர்கள் ஒன்றிரண்டு வருஷத்தில் கேட்கும் கேள்வி இது: "என் வண்டியில 120 ஃபோர்க் இருக்கு. 140 மாத்திட்டா இறக்கத்துல நல்லா இருக்குமா?" கூட ஓட்டுகிறவர்களில் ஒருத்தர் "உடனே மாத்து" என்பார், இன்னொருத்தர் "ஃபிரேம் உடைஞ்சிடும்" என்பார். ரெண்டு பேருமே கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். இதற்குப் பள்ளிக்கூட முக்கோணவியலே போதும். போட்டுத்தான் பார்ப்போமே.

கணக்குக்கு ஒரு மலை வேண்டும். நம்ம போடிமெட்டையே எடுத்துக்கொள்கிறேன். போடிநாயக்கனூரைத் தாண்டி முந்தலில் மலைச்சாலை தொடங்குகிறது. அங்கிருந்து சுமார் 20 கி.மீ., 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். மேலே கேரள எல்லைச் சோதனைச்சாவடி. சாலை முழுக்கத் தார்தான். ஆனால் அதிலிருந்து பிரியும் ஏலத்தோட்டப் பாதைகள் வேறு ரகம்: ஜீப் சக்கரம் தோண்டிய பள்ளம், உருளும் கல், மழைக்காலத்தில் வழுக்கும் செம்மண். ஃபோர்க் பற்றிய ஆசை பிறப்பதே அந்தப் பாதைகளில்தான். வண்டி, பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில் என்று வைத்துக்கொள்வோம். நம்ம பக்கம் அதுதான் அதிகம்.

டிராவல் என்றால் ஃபோர்க் முழுசாக அமுங்கினால் எத்தனை மில்லிமீட்டர் உள்ளே போகும் என்பது. 1989-ல் பால் டர்னர் தொடங்கிய ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் முதல் ஃபோர்க்கில் இது 50 மி.மீ. அளவுதான். மறுவருஷம் அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த உலகப் போட்டியில் கிரெக் ஹெர்போல்ட் ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கை வைத்து டவுன்ஹில் பட்டம் வென்றார். இன்றைக்கு சாதாரண ஹார்ட்டெயிலிலேயே 100, 120 வருகிறது. அதனால் முதல் கேள்வி: இருக்கிற 120-ஐ நீங்க முழுசா பயன்படுத்துறீங்களா?

இதைக் கண்டுபிடிக்க ஒரு ரப்பர் வளையம் போதும். பல ஃபோர்க்குகளில் மேல் குழாயில் ஏற்கெனவே ஒன்று இருக்கும். இல்லையென்றால் ஒரு கேபிள் டையைத் தொளதொளவென்று கட்டிக்கொள்ளலாம். அதைக் கீழே தள்ளி வைத்துவிட்டு, வழக்கமான கரடுமுரடுப் பாதையில் ஒருமுறை இறங்கிவிட்டு வந்து அளந்து பாருங்கள். வளையம் 90 மி.மீ.-லேயே நின்றிருந்தால் உங்களுக்கு டிராவல் குறையவில்லை. காற்றழுத்தம் கூடுதலாக இருக்கலாம், இல்லை உள்ளே எண்ணெய் மாற்றி வருஷக்கணக்காகி இருக்கலாம். எல்லா முறையும் கடைசி வரை போய் 'டங்'கென்று இடித்தால் முதலில் சாக் சரியா என்று பாருங்கள். வண்டியில் ஏறி நின்றதுமே நம் எடையில் அமுங்கும் அளவுதான் சாக். மொத்த டிராவலில் 20 சதவீதம் அளவில் தொடங்கலாம். 120-க்கு 24 மி.மீ. சாக் சரியாக இருந்தும் இடிக்கிறது என்றால்தான் 140 பற்றிய பேச்சுக்கே இடம்.

சரி, 140 போட்டாச்சு. என்ன ஆகும்? ஃபோர்க் 20 மி.மீ. நீளமாகிறது, வண்டியின் முன்பக்கம் தூக்குகிறது. ஃபோர்க் சாய்வாக இருப்பதால் நேர்க்குத்தாக ஏறுவது சுமார் 18 மி.மீ. இரண்டு அச்சுகளுக்கு நடுவே 1,150 மி.மீ. தூரம் என்றால், 18-ஐ 1,150-ஆல் வகுக்க 0.016 ரேடியன், அதாவது ஏறத்தாழ 0.9 டிகிரி. மொத்த வண்டியும் பின்சக்கர அச்சைச் சுற்றி அவ்வளவு பின்னால் சாய்கிறது. நாம் ஏறி உட்கார்ந்தால் சாக் கழிந்து அது 0.7 டிகிரி ஆகும்.

கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் எல்லா அளவும் ஒன்றாக மாறுகிறது. பெடல் அச்சு 7 மி.மீ. உயர்கிறது. சீட் 11 மி.மீ. பின்னால் போகிறது. ஹேண்டில்பார் சற்று உயர்ந்து, ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நம் பக்கம் வருகிறது. முன்சக்கரம் இன்னும் முன்னால் தள்ளிப் போகிறது.

ஏற்றத்தில் இதன் விலை என்ன? எல்லாரும் எடையைச் சொல்வார்கள். புது ஃபோர்க் அரைக் கிலோ கூடுதல் என்று வைப்போம். ஆளும் வண்டியும் சேர்த்து 95 கிலோ. அரைக் கிலோ என்பது அரை சதவீதம்தான். முந்தலிலிருந்து மேலே போக 2 மணி நேரம் ஆகும் என்றால் கூடுதலாக 40 விநாடி. வழியில் புலியூத்து அருவியைப் பார்க்க நிற்கும் நேரத்தில் அது காணாமல் போய்விடும். உண்மையான விலை அந்தச் சாய்வில் இருக்கிறது. தார்ச்சாலையின் சராசரி ஏற்றம் 5 சதவீதம்தான், அங்கே பெரிதாகத் தெரியாது. தோட்டப் பாதையில் ஏற்றம் 12, 15 சதவீதம் ஆகும்போது உடல் எடை பின்சக்கரத்தின் மேல் போய், முன்சக்கரம் லேசாகி அலைபாயும். சீட்டை அதன் தண்டவாளத்தில் ஒரு சென்டிமீட்டர் முன்னால் தள்ளினால் பாதிக்கு மேல் சரியாகிவிடும். இதற்குச் செலவு இல்லை.

இறக்கத்தில் லாபம் உண்டா என்றால், உண்டு. ஹெட் கோணம் சாய்ந்தால் வேகத்தில் வண்டி நேராக நிற்கும், கல்லில் மோதினாலும் ஹேண்டில் சட்டென்று திரும்பாது. அதே குணம் மெதுவான வளைவில் எதிராக வேலை செய்யும். முன்சக்கரம் ஒரு பக்கமாக விழப் பார்க்கும், திருப்பம் அகலமாகும். காலையில் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிப்போய் சாயங்காலம் திரும்பும் ஜீப்கள் எதிரே வருகிற கொண்டை ஊசி வளைவில் 'அகலமாகும்' என்பதன் அர்த்தம் உங்களுக்கே தெரியும். பழகினால் சமாளிக்கலாம், ஆனா பழகணும்.

ஹார்ட்டெயிலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. முன்பக்கம் மட்டும் அமுங்குவதால் கோணம் ஓடும்போதே மாறிக்கொண்டிருக்கும். 120 ஃபோர்க் முழுசாக அமுங்கினால் கோணம் சுமார் 5.5 டிகிரி நிமிர்கிறது. 140 என்றால் 6 டிகிரிக்கு மேல். செங்குத்தான இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடித்ததும் ஃபோர்க் மூக்கால் குத்தும், அந்த நேரத்தில்தான் நமக்குச் சாய்ந்த கோணம் தேவை. டேம்பர் மோசமான 140-ஐவிட, நல்ல டேம்பர் உள்ள 120 இங்கே நம்பகமானது. ஒரே விலையில் ரெண்டும் கிடைத்தால் நான் ரெண்டாவதைத்தான் எடுப்பேன்.

அடுத்து ஃபிரேம். ஃபோர்க் ஒரு நெம்புகோல். அதன் மேல்முனை ஹெட் டியூபைப் பிடித்து முறுக்குகிறது. அச்சிலிருந்து கிரவுன் வரை 530 மி.மீ. இருந்தது 550 ஆனால் அந்த முறுக்கு 4 சதவீதம் கூடும். நாளைக்கே உடைந்துவிடாது. ஆனால் அலுமினியத்துக்கு, 'இந்த அளவுக்குக் கீழே எத்தனை முறை ஆட்டினாலும் பாதிப்பில்லை' என்ற எல்லை கிடையாது. ஒவ்வொரு அடியும் கணக்கில் சேரும். டிராவல் கூடினால் நாம் வேகமும் கூட்டுவோம், அந்த அடிகள் 4 சதவீதத்தோடு நிற்காது. ஹெட் டியூப் வெல்டில் விழும் விரிசல் பெயின்டுக்கு அடியில் தெரியாது. அது பிளக்கும்போது ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். அதனால் ஃபிரேம் செய்தவர்கள் குறித்திருக்கும் அதிகபட்ச டிராவலை மீறவே கூடாது. எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால், வண்டியோடு வந்த அளவுதான் அதிகபட்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி இருக்கிறது என்றால் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை: ஸ்டியரர் குழாய் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமா, கீழே அகலமாகிறதா. அச்சு பழைய 9 மி.மீ. குவிக் ரிலீஸா, 15 மி.மீ. துரூ ஆக்சிலா, துரூ ஆக்சில் என்றால் ஹப் அகலம் 100-ஆ, பூஸ்ட் எனப்படும் 110-ஆ. சக்கரம் 27.5 அங்குலமா, 29-ஆ. இதில் ஒன்று தப்பினாலும் ஃபோர்க்கோடு சக்கரமும் வாங்க வேண்டிவரும். இன்னொரு வழியும் உண்டு: சில காற்று ஃபோர்க்குகளில் உள்ளே இருக்கும் ஏர் ஷாஃப்ட்டை மட்டும் மாற்றியே டிராவலைக் கூட்டலாம். உங்கள் மாடல் அந்த வகையா என்று முதலில் பாருங்கள். செலவு வெகுவாகக் குறையும்.

கடைசியாக, அதே பணத்துக்குப் போட்டியாக நிற்கும் ஒன்று: பிரேக். 95 கிலோ 1,000 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 930 கிலோஜூல். வீட்டுத் தண்ணீர் ஏறத்தாழ மூணு லிட்டரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்று கொண்டுபோனது போக மிச்சம் பெரும்பாலும் பிரேக் தட்டில்தான் சூடாக இறங்கும். 160 மி.மீ. தட்டு இருந்தால், ஃபோர்க் அனுமதிக்கும் பட்சத்தில், முன்னால் 180 போடுவது புது ஃபோர்க்கைவிட பல மடங்கு மலிவு. அடுத்தது அகலமான நல்ல டயர். மூன்றாவது, இருக்கிற ஃபோர்க்குக்கு சர்வீஸ். இத்தனைக்கும் பிறகு ரப்பர் வளையம் கடைசி வரை போகிறது, ஃபிரேமும் அனுமதிக்கிறது என்றால் தாராளமாக 140 போடுங்கள்.

பாதை பற்றியும் ஒரு வார்த்தை. ஏலத்தோட்டங்கள் தனியார் இடம். கேட்டுவிட்டு உள்ளே போகணும். குரங்கணிப் பக்கம் காட்டுப் பாதைகளுக்கு வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் அந்தச் சரிவில் தீயில் சிக்கி மலையேற வந்தவர்கள் இறந்தது நினைவிருக்கும். கோடையில் காய்ந்த புல் சரிவில், எந்த ஃபோர்க் போட்டிருந்தாலும், அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள்.