விண்டோஸ் 10-ஐ விட்டு லினக்ஸுக்குப் போகலாமா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதற்காகக் கணினி நின்றுவிடாது, என்றும்போல ஓடும். ஆனால் புதிதாகத் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆளில்லை. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் அப்டேட் என்று ஒரு திட்டத்தையும் அறிவித்தார்கள். அது தவணைதான், தீர்வு இல்லை.

விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசசர் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். ஏழாம் தலைமுறை ஐ5 மடிக்கணினி நன்றாக உழைத்துக்கொண்டிருந்தாலும் வாசலிலேயே நிறுத்தப்படும். குறுக்கு வழியில் ஏற்றித் தரும் கடைகள் உண்டு. அப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்பதற்கு உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது.

இந்த மாதிரிக் கணினிக்கு லினக்ஸ் நல்ல வழி. முதல்முறை மாறுபவர்கள் லினக்ஸ் மின்ட் எடுக்கலாம். மெனு, டாஸ்க்பார் எல்லாம் விண்டோஸ் சாயலில் இருக்கும், காசும் கிடையாது. 4 ஜிபி ரேமில் ஓடும். வேகத்துக்காக மட்டும் மாற நினைத்தால், பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டுப் பாருங்கள். பல கணினிகளுக்கு அதுவே போதும்.

கணினியின் வயதை விட, அதில் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். மெயில், யூடியூப், நெட் பேங்கிங், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம். கடிதமும் கணக்குத் தாளும் லிப்ரே ஆஃபிஸில் முடியும். சிக்கலான எக்செல் மேக்ரோக்கள் மட்டும் மக்கர் பண்ணலாம். டேலி, ஃபோட்டோஷாப், கோரல்டிரா இல்லாமல் பிழைப்பு ஓடாது என்றால் மாறாதீர்கள். வைன் என்ற மென்பொருள் வழியாகச் சில விண்டோஸ் புரோகிராம்கள் ஓடும்தான், ஆனால் ஜிஎஸ்டி கெடு முடியும் நாளில் அதை நம்பி உட்கார முடியாது.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு செய்தி. யூனிகோடில் தமிழ்99 லினக்ஸிலும் உண்டு. அழகி, என்எச்எம் ரைட்டர் போன்றவை விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. பாமினி, வானவில் எழுத்துருவில் பழைய கோப்புகள் குவிந்திருந்தால் முதலில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பிரிண்டர் விஷயத்தில் அசட்டை வேண்டாம். எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் தகராறில்லாமல் வேலை செய்யும். நம்மூர் டிடிபி கடைகளில் அதிகம் பார்க்கும் கேனன் எல்பிபி 2900 லினக்ஸில் பாடாய்ப் படுத்தும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருப்பவர்கள் அதற்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று விற்றவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

நிறுவாமலே ஓட்டிப் பார்க்கவும் வழி இருக்கிறது. மின்ட் தளத்தில் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவசக் கருவியால் 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியை பூட் செய்யுங்கள். உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. வைஃபை, சத்தம், கேமரா எல்லாவற்றையும் சோதியுங்கள். பென்டிரைவில் ஓடுவதால் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்கில் நகலெடுத்துக்கொண்ட பிறகே நிறுவுங்கள். சோதனையில் உங்கள் பிரிண்டரிலிருந்து ஒரு தாள்கூட வரவில்லை என்றால், நிறுவும் பட்டனைத் தொடாதீர்கள்.