சமுதாயங்கள் படிக்கட்டு ஏறுகின்றனவா?

பொருட்காட்சிச் சுவரிலோ பாடப் புத்தகத்திலோ இப்படி ஒரு படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதல் படியில் வில்லும் அம்புமாக ஒரு வேடன். அடுத்த படியில் ஆடு மாடுகளுடன் ஓர் ஆயன். அதற்கு மேல் ஏர் பிடித்த உழவன். உச்சிப் படியில் புகை கக்கும் ஆலை. எல்லா மக்களும் இந்தப் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக ஏறித்தான் ஆக வேண்டும். சிலர் முன்னே ஏறிவிட்டார்கள், சிலர் இன்னும் கீழ்ப்படியிலேயே நிற்கிறார்கள் என்று அந்தப் படம் சொல்லாமல் சொல்கிறது.

இது சரிதானா? மக்கள் கூடி வாழும் முறைகளை, அவர்களோடு தங்கிப் பழகி ஆராயும் அறிவியலுக்குச் சமூக மானிடவியல் என்று பெயர். இந்தக் கேள்வியோடு அது நூறாண்டுகளுக்கு மேலாகப் போராடி வந்திருக்கிறது. அதன் விடையைத் தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரும், அதன் மேற்கே எழும் ஏலமலைச் சரிவும் போதும்.

மார்கன் வரைந்த ஏணி

படிக்கட்டுக் கருத்துக்கு அறிவியல் வடிவம் கொடுத்தவர்களுள் முக்கியமானவர் அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மார்கன். உலக மக்களின் உறவுப் பெயர்களைப் பட்டியல் பட்டியலாகத் திரட்டியவர் அவர். அப்பட்டியலில் நம் தமிழும் உண்டு. தந்தையின் உடன்பிறந்தவரைப் ‘பெரியப்பா’, ‘சித்தப்பா’ என்று தந்தையாகவே நாம் கருதுகிறோம் அல்லவா? அவர் பிள்ளைகள் நமக்கு அண்ணன் தம்பிகள், அக்காள் தங்கைகள். ஆனால் தாய்மாமன் பிள்ளைகள் அப்படியல்லர். அமெரிக்காவின் இராகுவாய் பழங்குடியினரிடமும் ஏறக்குறைய இதே முறை இருப்பதைக் கண்டு மார்கன் வியந்தார்.

1877இல் வெளியான ‘பண்டைய சமுதாயம்’ என்ற நூலில் அவர் மனித குலம் முழுவதையும் காட்டு நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என மூன்றாகப் பிரித்து ஓர் ஏணியில் நிறுத்தினார். பிரான்ஸ் போவாஸ் என்ற அறிஞர் இதை மறுத்தார். ஒவ்வொரு மக்களுக்கும் தனி வரலாறு உண்டு. அதை அறியாமல் ஏணியில் இடம் ஒதுக்குவது அறிவியல் ஆகாது என்பது அவர் வாதம்.

சரி, அந்த ஏணியைப் போடிச் சரிவில் சாத்திப் பார்ப்போம்.

ஏறிச் சென்றவர்கள்

போடிக்கு மேற்கே குரங்கணி மலைப்பக்கத்தில் முதுவாக்குடி என்ற சிற்றூர் உள்ளது. அங்கும், மலைக்கு அப்பால் கேரளத்து மூணாறு வட்டாரத்திலும் முதுவர் என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள். ஏணிக் கணக்குப்படி இவர்கள் ‘இன்னும் கீழே இறங்கி வராத’ மலைவாசிகள். ஆனால் அவர்களைக் கேட்டால் கதை வேறு. தங்கள் முன்னோர் மதுரையில் வாழ்ந்தவர்கள். பாண்டியர் காலத்துப் போரிலும் குழப்பத்திலும் ஊரைவிட்டுப் புறப்பட்டு, போடி வழியாக மலையேறியவர்கள் என்கிறார்கள். மீனாட்சியம்மன் சிலையை முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் என்ற பெயர் வந்ததாகவும் ஒரு வழக்கு உண்டு. மதுரையிலிருந்து வந்த கதையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய ஏழு தொகுதி நூலிலும் காணலாம். அவர்கள் பேச்சு தமிழுக்கு மிக நெருங்கியது.

வாய்வழிக் கதை முழுவதையும் வரலாறாகக் கொள்ள முடியாது. ஆயினும் தாங்கள் கீழ்ப்படியில் தங்கிவிட்டவர்கள் அல்லர், சமவெளியை விட்டு விலகி வந்தவர்கள் என்றே முதுவர் தங்களைக் கருதுகிறார்கள். ஏணியில் இதற்கு இடமே இல்லை.

ஏறியும் இறங்கியும்

இதே மேற்கு மலைகளின் சரிவுகளில் பளியர் வாழ்கிறார்கள். காட்டு வள்ளிக்கிழங்கு அகழ்வதும், பாறைத்தேன் எடுப்பதும் இவர்களது பழந்தொழில்கள். அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1962 முதல் 1964 வரை பளியரிடையே கள ஆய்வு செய்தார். அவர் கண்டது என்ன தெரியுமா?

பளியர் குடும்பங்கள் சில காலம் சமவெளியாரின் தோட்டங்களில் கூலி வேலை செய்தன. அப்போது அயலார் வழக்கங்கள் சிலவற்றையும் கைக்கொண்டன. பிறகு காட்டுக்குத் திரும்பிப் பழைய வாழ்க்கையைத் தொடர்ந்தன. ஒருவரை ஒருவர் அதிகாரம் செய்யாமை, சண்டை மூண்டால் எதிர்த்து நிற்காமல் விலகிப் போதல் ஆகிய தங்கள் நெறிகளை அவர்கள் மறக்கவில்லை. இரண்டு வாழ்க்கை முறைகளையும் அறிந்து, வேளைக்கு ஏற்றதைக் கையாளும் இத்திறனை ஒரு தகவமைப்பு என்றே கார்ட்னர் விளக்கினார். இருமொழி அறிந்தவர் ஆளுக்கு ஏற்றபடி மொழி மாற்றிப் பேசுவதோடு இதை ஒப்பிடலாம். அவரை ‘ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு முன்னேறினார்’ என்று நாம் சொல்வதில்லையே!

யார் கையில் போய்ச் சேர்ந்தது?

அப்படியானால், சமூக மாற்றத்தை எப்படி ஆராய்வது? ‘எந்தப் படி?’ என்று கேட்பதை விடுத்து, ‘புதிதாக வந்தது எது? அது யார் கையில் போய்ச் சேர்ந்தது? அதனால் யாருக்கும் யாருக்கும் உள்ள உறவு மாறியது?’ என்று மானிடவியலார் கேட்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் தீபகற்பத்து இர் யோரண்ட் மக்களைப் பாருங்கள். அவர்களிடம் கற்கோடரி இருந்தது. அதற்கான கல் வெகு தொலைவிலிருந்து பண்டமாற்றில் வர வேண்டும். கோடரியைச் செய்வதும் உடைமையாக வைத்திருப்பதும் வயது வந்த ஆண்களின் உரிமை. விறகு வெட்டும் பெண்கள் கணவரிடமோ தந்தையிடமோ கேட்டு வாங்கித் திருப்பித் தர வேண்டும். பிறகு அங்கே வந்த பாதிரிமார் இரும்புக் கோடரிகளைப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் தாராளமாகக் கொடுத்தார்கள். விளைவு? பெரியவர்கள் தம் மனைவியிடமும் பிள்ளையிடமும் கோடரி இரவல் கேட்கும் நிலை வந்தது. மரியாதை, பண்டமாற்று நட்பு எல்லாமே ஆட்டங்கண்டன. இதை லாரிஸ்டன் ஷார்ப் என்ற ஆய்வாளர் 1952இல் எழுதினார். மக்கள் வாழ்வை அசைத்தது இரும்பின் கூர்மை அன்று. கோடரி கைமாறிய விதமே.

நமக்கு அருகில் இன்னொரு சான்று. கர்நாடகத்து மாண்டியா பகுதியில் இரண்டு கிராமங்களை ஸ்கார்லெட் எப்ஸ்டைன் என்ற அறிஞர் 1954 முதல் 1956 வரை ஆராய்ந்தார். வாங்கலா, தலேனா என்று அவற்றுக்குப் புனைபெயர் இட்டார். அப்பகுதிக்குப் புதிய கால்வாய் வந்தது. வாங்கலாவின் நிலங்கள் பாசனம் பெற்றன. தலேனா மேட்டில் இருந்ததால் தண்ணீர் ஏறவில்லை. எந்த ஊர் அதிகம் மாறியிருக்கும்? தண்ணீர் பெற்ற ஊர் என்றுதானே சொல்வீர்கள்?

நடந்தது நேர்மாறு. வாங்கலாவில் வருமானம் பெருகியது. ஆனால் உழவுத்தொழிலே நீடித்ததால், நிலக்காரருக்கும் பரம்பரைக் கூலியாளுக்கும் இருந்த பழைய கட்டுகள் அப்படியே நின்றன. தண்ணீர் கிடைக்காத தலேனாக்காரர்கள் மாண்டியா நகரில் வேலை, வண்டி, வாணிபம் என்று வெளியே போனார்கள். அங்கேதான் பழைய உறவுகள் தளர்ந்தன.

ஏலக்காய் சொல்லும் பாடம்

இக்கேள்விகளோடு மீண்டும் ஏலமலைக்கு வருவோம். போடிக்கும் உச்சியிலுள்ள போடிமெட்டுக்கும் இடையே 17 கொண்டை ஊசி வளைவுகள். விடியுமுன்பே தொழிலாளர்களை, பெரும்பாலும் பெண்களை, ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இவ்வளைவுகளில் ஏறுகின்றன, மாலையில் இறங்குகின்றன. செடியின் அடியில் படரும் சரங்களிலிருந்து அவர்கள் பறிக்கும் காய் உலர்ந்து, தரம் பிரிக்கப்பட்டு, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்கு வருகிறது. போடியிலேயே ஏல மையம் இருக்கிறது.

இதே செடி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவுக்குப் போயிற்று. இன்று உலகின் மிகப் பெரிய ஏலக்காய் ஏற்றுமதி நாடு அதுதான். அங்கே அதைப் பெருமளவில் பயிரிடுவோர் கெக்சி என்னும் மாயா இனத்துச் சிறு உழவர்கள். அவர்கள் சமையலில் ஏலக்காய்க்கு இடமே இல்லை என்று சொல்லலாம். அரபு நாட்டார் காப்பியில் இட்டுக் குடிப்பதற்காகவே பயிரிட்டு, பச்சைக் காயாகவே இடைத்தரகரிடம் விற்றுவிடுகிறார்கள். செடி ஒன்றுதான். இங்கே அது மலைக்குக் கூலியாட்களை வரவழைத்தது. அங்கே மலை உழவரைத் தொலைதூரச் சந்தையோடு பிணைத்தது. பயிர் மட்டுமே சமுதாயத்தின் வடிவைத் தீர்மானிப்பதில்லை.

ஏன் இந்தக் கவலை?

ஏணிப் படம் வெறும் படமாக இருந்தால் கவலை இல்லை. ‘அவர்கள் கீழ்ப்படியில் இருப்பவர்கள்’ என்று முடிவு கட்டிவிட்டால், ‘அவர்களுக்கு எது நல்லது என்பதை நாமே தீர்மானிக்கலாம்’ என்பதும் கூடவே வந்துவிடுகிறது. காடுகள் ஒதுக்கப்பட்டபோதும் தோட்டங்கள் ஆனபோதும் மலைமக்களின் சம்மதம் பெரிதாகக் கேட்கப்படவில்லை. காட்டுக்குத் திரும்பும் வழி அடைபட்டால், பளியருக்கு இரண்டு வாழ்க்கைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போய்விடுகிறது. கூலி வேலை மட்டுமே எஞ்சுகிறது. அதை வளர்ச்சி என்று சொல்லலாமா? காட்டில் குடியிருக்கவும், தேன் போன்ற சிறு விளைபொருள் சேகரிக்கவும் பழங்குடியினருக்கு உள்ள உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

பள்ளியும் மருத்துவமனையும் மலைமக்களுக்கு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். அவை எப்படி, எந்த நிபந்தனையோடு வர வேண்டும் என்பதில் அவர்கள் சொல்லுக்கும் இடம் வேண்டும் என்பதே.

நீங்களும் ஒரு கள ஆய்வு செய்யலாம். உங்கள் ஊரில் அறுபது வயது தாண்டிய ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் தனித்தனியே சந்தியுங்கள். மிதிவண்டி, பம்புசெட், மாவரைக்கும் இயந்திரம், கைபேசி ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். அது ஊருக்கு எப்போது வந்தது? முதலில் யாரிடம் இருந்தது? அது வந்த பிறகு யார் யாரிடம் கைநீட்டிக் கேட்க வேண்டிய தேவை போயிற்று? எது மட்டும் மாறவே இல்லை? இருவர் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் குழம்ப வேண்டாம். ஒரே மாற்றம் இருவருக்கும் ஒன்றுபோல வந்து சேரவில்லை என்பதே உங்கள் முதல் கண்டுபிடிப்பாக இருக்கும்.