புளோரன்சில் தேனிலவு: நிதானமாகப் பார்த்து, ருசித்துச் சாப்பிட

இத்தாலிக்குத் தேனிலவு போகும் தம்பதிகள் பலர் ரோம், வெனிஸ், மிலான் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் சுற்றிவிட்டு, நடுவில் புளோரன்சுக்கு ஒரு பகலை ஒதுக்குகிறார்கள். அந்தப் பகல் வரிசையில் நிற்பதிலேயே கழிந்துவிடும். ரோமிலிருந்து அதிவேக ரயிலில் இந்த ஊருக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம். சாந்தா மரியா நொவெல்லா ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் பேராலயத்துக்கு முன்னால் நிற்கலாம். பார்க்க வேண்டியவை பெரும்பாலும் நடக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. மூன்று இரவு தங்கினால் போதும். காலையில் ஓர் அருங்காட்சியகம், மதியம் அவசரமில்லாத சாப்பாடு, மாலையில் ஆற்றங்கரை நடை. இந்த ஊருக்குப் பொருந்தும் கணக்கு அதுதான்.

ஒரு கல்யாண வீட்டின் ஓவியங்கள்

புதுமணத் தம்பதிகள் முதலில் போக வேண்டிய இடம் உஃபிசி ஓவியக்கூடம். மெடிசி குடும்பத்தின் முதலாம் கோசிமோ ஆண்ட காலத்தில், 1560இல், அரசு அலுவலகங்களுக்காக இதைக் கட்டத் தொடங்கியவர் ஜார்ஜோ வசாரி. அவர் ஓவியர், கட்டடக் கலைஞர். கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியவரும் அவரே.

இங்கே ஒரே அறையில் ஒரு தம்பதியின் கதை இருக்கிறது. அன்யோலோ தோனி என்ற துணி வணிகர் 1504இல் மத்தலேனா ஸ்ட்ரோட்சியைக் கைப்பிடித்தார். அந்தக் குடும்பத்துக்காக மைக்கேலேஞ்சலோ வட்டப் பலகையில் வரைந்த திருக்குடும்ப ஓவியம்தான் 'தோனி தொண்டோ'. விலையாக 70 தங்கக் காசு கேட்டாராம் மைக்கேலேஞ்சலோ. தோனி 40 மட்டும் அனுப்ப, ஓவியர் கோபத்தில் 100 கேட்டிருக்கிறார். சரி, முதலில் கேட்ட 70ஐயே தருகிறேன் என்று தோனி இறங்கிவர, இனி 140 தந்தால்தான் ஓவியம் என்று சொல்லிவிட்டாராம். இந்தக் கதையை எழுதி வைத்தவர் வசாரி.

அதே அறையில், இளம் ரஃபேல் வரைந்த தோனி தம்பதியின் உருவப்படங்கள் இருக்கின்றன. மத்தலேனாவின் கழுத்துப் பதக்கத்தில் தொங்கும் முத்தையும், அன்யோலோவின் விரல் மோதிரங்களையும் கிட்டே போய்ப் பாருங்கள். இரண்டு பலகைகளின் பின்புறத்திலும் வேறோர் ஓவியர் வரைந்த சித்திரங்கள் உண்டு. ஊழி வெள்ளத்தில் உலகமே அழிந்த பிறகு, மிஞ்சிய ஒரு கணவனும் மனைவியும் புதிய மனித குலத்தை உண்டாக்கிய கிரேக்கப் புராணக் கதை அது. வீட்டில் பிள்ளைச் செல்வம் பெருக வேண்டும் என்ற வேண்டுதல்.

போத்திசெல்லியின் 'பிரிமாவேரா'வும் மெடிசி குடும்பத்துக் கல்யாணம் ஒன்றையொட்டி வரையப்பட்டது என்றே அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். ஆரஞ்சுத் தோப்பு, நடுவில் வீனஸ், காலடியில் பூத்த புல்தரை. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட செடிவகைகளைத் தாவரவியலாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். இவையெல்லாம் இன்னும் இந்த ஊரிலேயே இருப்பதற்குக் காரணம் ஒரு பெண். மெடிசி வம்சத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லூயிசா, குடும்பத்தின் கலைச்செல்வம் முழுவதையும் நாட்டுக்கு விட்டுக்கொடுத்தார். எதுவும் புளோரன்சை விட்டு வெளியே போகக் கூடாது என்று 1737இல் ஒப்பந்தமும் எழுதி வாங்கினார்.

உஃபிசியில் எல்லா அறைகளையும் பார்த்துத் தீர்க்க நினைக்காதீர்கள். ஆளுக்கு ஐந்து ஓவியங்களைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றின் முன்னும் பத்து நிமிடம் நில்லுங்கள்.

இன்னும் மூன்று இடங்கள்

அக்காதெமியா அருங்காட்சியகத்தில் இருக்கும் தாவீது சிலையின் உயரம் 5.17 மீட்டர். வேறு சிற்பிகள் தொட்டுக் கைவிட்டு, பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த பளிங்குப் பாறையில், 1501 முதல் 1504 வரை உழைத்து மைக்கேலேஞ்சலோ இதைச் செதுக்கினார். அதற்குப் போகும் வழியில் அவரே முடிக்காமல் விட்ட 'கைதிகள்' சிலைகள் நிற்கின்றன. பாறைக்குள்ளிருந்து உடல் எப்படி வெளியே வந்தது என்பதை உளித் தடங்களே காட்டும்.

அங்கிருந்து சில நிமிட நடையில் சான் மார்கோ மடம். துறவியாக வாழ்ந்த ஃபிரா ஆஞ்சேலிகோ, சக துறவிகளின் சிறிய அறைச் சுவர்களில் வரைந்த ஓவியங்கள் இங்கே இருக்கின்றன. கூட்டம் குறைவு. ஊரிலேயே அமைதியாக ஓவியம் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

மூன்றாவது, பேராலயத்தின் குவிமாடம். கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கி 1420இல் தொடங்கி 1436இல் முடித்தது. சுமார் 45 மீட்டர் அகலத்தைத் தரையிலிருந்து மரச்சாரம் கட்டித் தாங்காமலே செங்கல்லால் மூடினார். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு ஓடுகள். அவற்றுக்கு இடையில்தான் நீங்கள் ஏறும் படிகள். மொத்தம் 463. லிஃப்ட் கிடையாது. நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம்.

உப்பில்லாத ரொட்டியும் அதன் பிள்ளைகளும்

புளோரன்சின் ரொட்டியில் உப்புப் போடுவதில்லை. முதல் கடி சப்பென்றுதான் இருக்கும். உப்பு தூக்கலான பாலாடைக்கட்டியோடும் பன்றித்தொடை இறைச்சியோடும் சாப்பிடும்போதுதான் அதன் அருமை தெரியும். மிஞ்சிய ரொட்டியையும் வீணாக்குவதில்லை. அவரையும் கருங்கீரையும் சேர்த்து வேகவைத்து, மறுநாள் மீண்டும் சூடாக்கினால் ரிபொல்லித்தா. தக்காளியோடு குழைத்தால் பாப்பா அல் பொமொதோரோ. கோடையில் நனைத்துப் பிழிந்து, வெங்காயமும் தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்தால் பன்சனெல்லா. நம் வீட்டில் பழைய சோறு மறுநாள் காலை உணவாவது போல, இங்கே பழைய ரொட்டிதான் சமையலின் அடிப்படை.

சைவர்களுக்கு இவை மூன்றும் பெரும்பாலும் ஒத்துவரும். சூப்பில் இறைச்சிச் சாறு கலந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளால் செய்யப்படுவது. கண்டிப்பான சைவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

அசைவம் சாப்பிடுபவர்கள் தள்ளுவண்டிகளில் லாம்ப்ரெதொத்தோ கேளுங்கள். மாட்டின் நான்காம் வயிற்றை மெதுவாக வேகவைத்து, பன்னை அந்தச் சாற்றில் தோய்த்து, பச்சைச் சட்னியும் கார எண்ணெயும் ஊற்றித் தருவார்கள். பிஸ்தெக்கா எனப்படும் எலும்போடு கூடிய மாட்டுக்கறித் துண்டு பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். அது இருவர் பகிர்ந்து உண்ணும் சாப்பாடு. விலை எடைக்குத்தான், ஆகவே எடையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். உள்ளே சிவப்பாகவே பரிமாறுவார்கள். நன்கு வெந்த கறிதான் பிடிக்கும் என்றால் வேறு கேளுங்கள்.

ஜெலாத்தோ வாங்கும்போது நிறத்தைக் கவனியுங்கள். பிஸ்தா மங்கிய பச்சையாக இருக்க வேண்டும். கண்ணைப் பறிக்கும் பச்சையில் மலைபோல் குவித்து வைத்திருந்தால் அந்தக் கடையைக் கடந்து போங்கள்.

காசும் நேரமும்

உஃபிசி, அக்காதெமியா இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், அன்று கூட்டம் தாங்காது. மற்ற நாட்களுக்கு இணையத்தில் டிக்கெட் எடுத்துவிட்டுப் போங்கள். காபியைக் கவுன்டரில் நின்றபடி குடித்தால் விலை குறைவு, உட்கார்ந்தால் கூடும். உணவகப் பில்லில் ஆளுக்கு இவ்வளவு என்று இருக்கைக் கட்டணம் சேர்வது அங்கே வழக்கம். மதியச் சாப்பாடு பெரும்பாலும் இரண்டரை மணியோடு முடியும், இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குமேல்தான். கடை வீதியில் அலைவதைவிட சாந்த் அம்ப்ரோஜோ சந்தைக்குக் காலையில் போனால் ஊர்க்காரர்களோடு நின்று சாப்பிடலாம்.

மாலையில் 1345இல் கட்டி முடித்த பொந்தே வெக்கியோ பாலத்தைக் கடந்து போங்கள். ஒருகாலத்தில் இறைச்சிக் கடைகள் இருந்த பாலம் இது. 1593இல் ஆட்சியாளர் ஆணையிட்டு, அவற்றை அகற்றிப் பொற்கொல்லர்களை அமர்த்தினார். இன்றும் அங்கே நகைக் கடைகள்தான்.

பயணத் திட்டத்தில் ஊர்களின் எண்ணிக்கையைக் குறைத்து, அந்த நாட்களைப் புளோரன்சுக்குக் கொடுங்கள். உஃபிசி டிக்கெட்டை மட்டும் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.